திராட்சை எங்கே விளைந்தது, எச்சிலில் என்ன தங்கியது: மினசோட்டா சட்டங்கள் பற்றிக் கேள்வி பதில்

மினசோட்டா மாநிலச் சட்டமன்றம் சில ஆண்டுகளாகவே இரண்டு விஷயங்களை மாற்றி மாற்றிக் கையில் எடுக்கிறது. ஒன்று ஒயின் விற்பனை விதிகள், இன்னொன்று வேலையிடத்தில் போதைப்பொருள் சோதனை. இரண்டைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் சொல்கிறேன். நான் சோதனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள், அதனால் அந்தப் பக்கம் பதில்கள் நீளும். வேலையே போகும் நிலையில் இருப்பவர்கள் இதை மட்டும் நம்பாமல் ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள்.

கேள்வி: அக்கா, கஞ்சாவைத்தான் சட்டப்படி அனுமதித்துவிட்டார்களே, இன்னும் கம்பெனி சோதனை கேட்கலாமா? (கிடங்கு ஊழியர், ப்ளூமிங்டன்)

கேட்கலாம். ஆனால் கஞ்சாவுக்கு மட்டும் விதி மாறிவிட்டது. 2023 மே 30 அன்று ஆளுநர் டிம் வால்ஸ் கையெழுத்திட்ட சட்டம், 1987இலிருந்து இருக்கும் வேலையிடச் சோதனைச் சட்டத்தையும் சேர்த்தே திருத்தியது. அதன்படி பெரும்பாலான வேலைகளுக்கு, ஆளை எடுக்கும் முன் கஞ்சாவுக்காகச் சோதிக்கக் கூடாது. காவல்துறை, தீயணைப்பு, குழந்தைகளையும் நோயாளிகளையும் நேரில் கவனிக்கும் வேலை, வணிக ஓட்டுநர் உரிமம் தேவைப்படும் வேலை, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய வேலை ஆகியவை விதிவிலக்கு. நீங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறீர்கள் என்றால் கடைசி வகையில் உங்களைச் சேர்க்க வாய்ப்பு அதிகம். கொக்கைன், ஆம்பெட்டமின் போன்றவற்றுக்கு எல்லோருக்கும் பழைய விதிதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் முறை 'பாசிட்டிவ்' வந்தது என்பதற்காக மட்டும் வேலையில் இருப்பவரை உடனே நீக்க இந்த மாநிலச் சட்டம் விடாது. முதலில் சிகிச்சைக்கோ ஆலோசனைக்கோ வாய்ப்புத் தர வேண்டும்.

கேள்வி: சிறுநீருக்குப் பதில் எச்சிலை எடுக்கிறார்களாமே, அது சரியானதா? (மென்பொருள் துறை, எடன் பிரெய்ரி)

என்னைக் கேட்டால், இந்தச் சட்டத் திருத்தங்களிலேயே முக்கியமானது இதுதான்.

சிறுநீர்ச் சோதனையில் கஞ்சாவைத் தேடும்போது நாங்கள் தேடுவது போதை தரும் பொருளை அல்ல. உடல் அதைச் சிதைத்த பிறகு மிஞ்சும் கழிவைத்தான் தேடுகிறோம். அந்தக் கழிவுக்குப் போதை கிடையாது. கொழுப்பில் போய்த் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும். அடிக்கடி பயன்படுத்துபவர் நிறுத்தி வாரக்கணக்கில் ஆன பிறகும் தென்படும். மத்திய அரசு விதிப்படி முதல் கட்டத்தில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதிப்படுத்தும் கட்டத்தில் 15 என்பது வரம்பு. 16 வந்தால் 'பாசிட்டிவ்'. அந்த மனிதர் நேற்று எடுத்தாரா, மூன்று வாரம் முன்பு எடுத்தாரா என்பதை அந்த எண் சொல்லாது. வேலை நேரத்தில் தடுமாறினாரா என்பதையும் சொல்லாது.

எச்சிலில் பார்ப்பது கஞ்சாவின் மூலப்பொருளையே. வரம்பு 4 நானோகிராம், உறுதிப்படுத்த 2. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எடுத்ததைக் காட்டும். இதுவும் போதையை நேரடியாக அளப்பதில்லை, ஆனால் உண்மைக்கு ஓரளவு பக்கத்தில் நிற்கிறது.

மாதிரி எடுக்கும் விதத்தையும் பாருங்கள். சிறுநீர் என்றால் கழிவறைத் தொட்டியில் நீல மருந்து ஊற்றி வைப்பார்கள், யாரும் அந்தத் தண்ணீரை எடுத்துக் கலக்கக் கூடாது என்பதற்காக. குப்பியில் ஒட்டிய பட்டை 4 நிமிடத்துக்குள் 90 முதல் 100 பாரன்ஹீட்டுக்குள் காட்ட வேண்டும். கூச்சத்தில் சிறுநீர் வராமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. எச்சில் என்றால் வாயில் எதுவும் போடாமல் பத்து நிமிடம் காத்திருந்து, எதிரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பஞ்சு வைத்த குச்சியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து எடுத்துத் தர வேண்டும், அவ்வளவுதான். ஏமாற்றுவதும் கடினம், மானமும் போகாது.

கேள்வி: எச்சிலில் தவறாக 'பாசிட்டிவ்' வந்தால்? (பெயர் வேண்டாம் என்றவர்)

2024 ஆகஸ்ட் 1 முதல் மினசோட்டாவில் எச்சில் சோதனைக்கு அனுமதி உண்டு. முடிவு அப்போதே தெரிந்துவிடும். 'பாசிட்டிவ்' வந்தாலோ, தெளிவில்லாமல் இருந்தாலோ 48 மணி நேரத்துக்குள் ஆய்வகச் சோதனை கேட்கலாம், செலவு உங்களுடையது அல்ல. சிறுநீர் முறையில் விளக்கம் தர 3 வேலை நாள், மறுசோதனை கேட்க 5 வேலை நாள், ஆனால் மறுசோதனைக்குப் பணம் நீங்கள்தான் கட்ட வேண்டும். சொல்லப்போனால், ஒரு தொழிலாளிக்கு இந்தச் சட்டத்தில் மிகப் பெரிய பலன் அந்தச் 'செலவு யாருடையது' என்ற ஒரு வரியில் இருக்கிறது. 48 மணி நேரம் சட்டென்று ஓடிவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: குருமாவில் கசகசா அரைத்து ஊற்றுவோமே, பயப்பட வேண்டுமா? (குடும்பத் தலைவி, வுட்பரி)

நியாயமான கேள்வி. கசகசா அபின் செடியின் விதை. விதையின் மேல் ஒட்டியிருக்கும் பாலில் மார்ஃபினும் கோடீனும் இருக்கும். போதை ஏறும் அளவு இல்லை, ஆனால் கருவி பிடித்துவிடும். இதனால்தான் 1998இல் மத்திய அரசு மார்ஃபின் வரம்பை 300 நானோகிராமிலிருந்து 2000க்கு உயர்த்தியது. அப்படியும் 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, படைவீரர்கள் கசகசாவைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. துபாய்க்குக் கசகசா கொண்டுபோகாதே என்று நம் வீடுகளில் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

தனியார் நிறுவனத்துக்காகச் செய்யும் சோதனையில் பழைய 300ஐ வைத்திருக்கவும் கூடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அரைத்தால் அளவு நன்றாகக் குறையும். சோதனை இருக்கிறது என்று தெரிந்தால் இரண்டு மூன்று நாள் முந்திரி அரைத்துச் சமையுங்கள். முடிவு வந்த பிறகு விளக்கம் கேட்டுக் கூப்பிட்டால் வெட்கப்படாமல் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன். மாநிலச் சட்டம் எனக்குப் பொருந்துமா அக்கா? (ஓட்டுநர், பிளேன்)

இல்லை தம்பி. உங்களுக்கு மத்தியப் போக்குவரத்துத் துறை விதி. அங்கே கஞ்சா எந்த மாநிலத்தில் அனுமதி பெற்றாலும் 'பாசிட்டிவ்' என்றால் 'பாசிட்டிவ்'தான். 2020 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் ஒரே பதிவேட்டில் ஏறிவிடும், கம்பெனி மாறினாலும் கூடவே வரும்.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். கடையில் விற்கும் கஞ்சா மிட்டாய் சாப்பிடலாமா?

வேண்டாம். கம்பெனி சோதிக்காமல் போகலாம், குடியேற்றச் சட்டம் மத்திய அரசுடையது. மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் கஞ்சாப் பயன்பாடு குடியுரிமைக்கான நன்னடத்தையைப் பாதிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலிலேயே எழுத்தில் சொல்லிவிட்டது. வழக்கு இல்லாவிட்டாலும், வாயால் ஒப்புக்கொள்வதே சிக்கலாகலாம். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியவே இல்லை என்பதுதான் என் கவலை.

கேள்வி: தலைமுடிச் சோதனை?

ஒன்றரை அங்குல முடி சுமார் 90 நாள் கதை சொல்லும். ஆனால் கறுத்த முடியில் சில மருந்துகள் கூடுதலாக ஒட்டும் என்ற வாதம் வலுவானது. பாஸ்டன் காவலர்கள் இதற்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். நமக்கும் கறுத்த முடிதானே. முடியை மட்டும் வைத்து வேலையைப் பறிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: இங்குள்ள ஒயினரிகள் (ஒயின் தயாரிக்கும் இடங்கள்) கலிஃபோர்னியா திராட்சை வாங்கினால் தப்பா? (வார இறுதியில் ஹேஸ்டிங்ஸ் பக்கம் போய்வந்தவர்)

இப்போது தப்பில்லை. 1980இல் வந்த பண்ணை ஒயினரிச் சட்டம், ஒயின் செய்யும் இடத்திலேயே விற்கும் உரிமையைத் தந்தது. பதிலுக்குப் பாதிக்கு மேல் மினசோட்டாவில் விளைந்த பொருளாக இருக்க வேண்டும் என்றது. இந்தக் குளிரில் எல்லாத் திராட்சையும் பிழைக்காது. மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃப்ரான்டினாக் (1996), மார்க்வெட் (2006) போன்றவைதான் தாக்குப்பிடிக்கும். அவற்றில் புளிப்பு தூக்கலாக இருக்கும், கலந்து சமன் செய்ய வெளித் திராட்சை தேவை. இரண்டு ஒயினரிகள் 2017இல் வழக்குப் போட்டன. 2020இல் மத்திய நீதிமன்றம், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கு இது தடை என்று அந்த விதியை ரத்து செய்தது.

தீர்ப்பு சரி என்பது என் கருத்து. உள்ளூர் விவசாயியின் பயத்தையும் நான் மதிக்கிறேன். அவருக்கு உதவ நினைத்தால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். லேபிளில் திராட்சை விளைந்த இடமாக 'மினசோட்டா' என்று போட வேண்டுமானால் குறைந்தது 75 சதவீதத் திராட்சை இங்கே விளைந்திருக்க வேண்டும், இது மத்திய விதி. 'அமெரிக்கன்' என்று மட்டும் இருந்தால் திராட்சை அமெரிக்காவில் எந்த மாநிலத்திலிருந்தும் வந்திருக்கலாம்.

கேள்வி: மளிகைக் கடையில் ஏன் ஒயின் இல்லை? கலிஃபோர்னியாவில் ஒயினுக்குப் பேர்போன நாபாவிலிருந்து வரவழைக்கலாமா?

மதுவிலக்கு 1933இல் முடிந்தபோது, மது விவகாரம் மாநிலத்தின் கையில் என்று 21ஆவது திருத்தம் எழுதிவிட்டது. அதனால்தான் மாநிலத்துக்கு ஒரு நியாயம். பென்சில்வேனியாவில் அரசே கடை நடத்துகிறது, நம் டாஸ்மாக் போல. அங்கே 2016இல்தான் மளிகைக் கடைகளுக்குள் ஒயின் வந்தது. மினசோட்டா மளிகைக் கடையில் ஆல்கஹால் 3.2 சதவீதத்துக்கு மிகாத பீர் மட்டும்தான். மாற்றக் கேட்டு மசோதாக்கள் வருவதும் விழுவதுமாக இருக்கின்றன. எடைனா போன்ற நகராட்சிகள் மதுக்கடை நடத்தி அந்த லாபத்தில் பூங்காக்களுக்குச் செலவிடுகின்றன, அவை எளிதில் விட்டுக்கொடுக்காது.

வெளி மாநில ஒயினரியிலிருந்து வரவழைப்பது பற்றி 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: உள்ளூர் ஒயினரிக்கு வீட்டுக்கு அனுப்ப அனுமதி கொடுத்தால் வெளியூர் ஒயினரிக்கு மட்டும் மறுக்கக் கூடாது. எவ்வளவு வரவழைக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. யூட்டாவில் வீட்டுக்கு நேரடியாக வரவழைக்கவே முடியாது.

கேள்வி: நம் கருத்தைச் சொல்ல வழி உண்டா?

உண்டு. மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் நடக்கும் சட்டமன்றக் குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம், குடியுரிமை கேட்க மாட்டார்கள். மசோதாவைச் சட்டமன்ற இணையதளத்தில் திறந்தால் புதிதாகச் சேர்த்த வரிகள் அடிக்கோடிட்டும், நீக்கியவை நடுவே கோடிட்டும் இருக்கும். அந்த வரிகளை மட்டும் படித்தால் போதும். பிறகு மசோதா எண்ணையும் பிரிவையும் போட்டு, அது உங்கள் வேலையையோ கடையையோ எப்படித் தொடுகிறது என்று உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அரைப் பக்கம் எழுதுங்கள்.