இன்னும் ஒன்பது நாள்

அன்புள்ள அக்கா,

நாள் தள்ளிப்போய், டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு வந்துவிட்டது. கணக்குப்படி இன்றைக்கு ஐந்து வாரம் ஐந்து நாள். ஏழு வாரம் முடிந்ததும் முதல் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்னும் ஒன்பது நாள். நேற்றிலிருந்து குமட்டலும் குறைந்துவிட்டது, பயமாக இருக்கிறது. வேறு எங்காவது போய் நாளைக்கே ஸ்கேன் எடுத்துவிடட்டுமா? கணவர் பொறு என்கிறார்.

பெயர் வேண்டாமே.

---

அன்புள்ள தங்கைக்கு,

போகாதீர்கள். பொறுக்கத் தெரியாமல் போய்ப் பட்டவள் சொல்கிறேன்.

என் முதல் கர்ப்பத்தில், சரியாக ஆறு வாரம் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டு போய்ப் படுத்தேன். திரையில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம். அதற்குள் ஒன்றுமில்லை. ஸ்கேன் எடுத்தவர் கருவியை அப்படியும் இப்படியும் திருப்பினார், இரண்டு புள்ளி வைத்து அளந்தார், மறுபடி அளந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் டாக்டர், "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, பத்து நாள் கழித்து வாங்க" என்றார். அந்தப் பத்து நாளோடு ஒப்பிட்டால் அதற்கு முந்தைய காத்திருப்பு ஒன்றுமே இல்லை.

நடந்தது இதுதான். வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து ஓடுகிறது. கரு உண்டாவதோ அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து, அதுவும் 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு. எனக்கு 36 நாள். ஆக, காகிதத்தில் ஆறு வாரம், உள்ளே ஐந்துகூட ஆகவில்லை. அந்தக் கட்டத்தில் கருவின் பையைத் தவிர வேறென்ன தெரியும்? துடிப்பு தெரிய ஆறு வாரமாவது ஆக வேண்டும். அப்போதும் கரு நாலைந்து மில்லிமீட்டர்தான். அது 7 மில்லிமீட்டரை எட்டாதவரை, துடிப்பு தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த டாக்டரும் முடிவு சொல்லக் கூடாது. ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பதுதான் முறை. நாளைக்கே போனால் உங்களுக்கும் அந்த "சொல்ல முடியாது" கிடைக்க நிறைய வாய்ப்பு உண்டு.

குமட்டல் ஒரு நாள் படுத்தும், ஒரு நாள் சும்மா இருக்கும். அதை வைத்து நல்லது கெட்டது எதுவும் சொல்ல முடியாது. பொறுத்தால் நல்ல சேதிதான் வரும் என்றும் நான் சொல்லவில்லை. தெளிவான சேதி வரும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயத்தில் ஒன்பது நாள் கணக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இரத்தப்போக்கு, ஒரு பக்கமாக வயிற்று வலி, தோள் நுனியில் வலி, மயக்கம் என்று ஏதாவது வந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள். கரு கர்ப்பப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் அப்படித்தான் காட்டும்.

அப்புறம், எந்த வழியாக ஸ்கேன் எடுப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வயிற்றின் மேல் என்றால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், உள்வழி, அதாவது பிறப்புறுப்பு வழியாக என்றால் காலியாக. நான் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் நெளிந்த பிறகு, "பாத்ரூம் போய்விட்டு வாங்க" என்றார்கள்.

கணவரையும் உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள். இரண்டாவது முறை என்னவர் உள்ளே வந்தார். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துடிப்பை அவருக்கு மட்டும் இன்னொரு தடவை காட்ட வேண்டியதாகிவிட்டது.