ஐப்பசி விடிகாலையில் பால் வாங்கப் போகிற வழியில், காரைக்குடியில், வேலியோரச் சருகில் பல நிறத்தில் ஒரு குருவி தத்திக்கொண்டிருந்தது. வாலே இல்லாத மாதிரி இருந்தது. என்ன பறவை, அடுத்து என்ன செய்யலாம்?

ஐப்பசி, விடிகாலை, சருகுக்குள் தத்தல், கட்டை வால். இந்த நாலும் சேர்ந்தால் அநேகமாக ஆறுமணிக்குருவிதான். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கை அடிக்கும், அதனால் அந்தப் பெயர். பறவை நூல்களில் வரும் 'பிட்டா' என்ற பெயர் தெலுங்கிலிருந்து போனது. அங்கே பிட்ட என்றால் சின்னப் பறவை, அவ்வளவுதான்.

உறுதி செய்ய நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நிழலில் முதுகின் பச்சை கறுப்பாகவே தெரியும். உருவத்தைப் பாருங்கள்: மைனாவைவிடச் சற்றுச் சிறிது, உருண்டை உடம்பு, நீண்ட கால்கள், கண் வழியாக ஓடும் அகலமான கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. எழுந்து பறந்தால் இறக்கையில் வெள்ளைத் திட்டு பளிச்சிடும். வெண்தொண்டை மீன்கொத்தியோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அதன் அலகு பெரிது, சிவப்பு. சருகைக் கிளறவும் கிளறாது. பனங்காடை இதைவிடப் பெரிது, மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்.

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் இரவில். விடியும்போது களைத்துப்போய், கண்ணில் பட்ட புதரில் இறங்கிவிடும். ஊர் நடுவே தென்படுவது அதனால்தான். இதைத் தேடி வேட்டங்குடி சரணாலயத்துக்குப் போக வேண்டாம். பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கும் அந்தக் கண்மாய்கள் நாரை, கொக்கு வகைகளின் இடம். இதற்கு வேண்டியது நிழலும் மக்கிய சருகும் புழுவும். ஆள் புழங்காத பழைய வீட்டுத் தோட்டம் போதும்.

வண்டியில் இருந்தால் இறங்காதீர்கள். காலைத் தரையில் ஊன்றினதும் புதருக்குள் போய்விடும். முழு ஜூமில் எடுத்த படம் குழம்பிப்போகும். பாதி ஜூமில் பத்து விநாடி வீடியோ எடுங்கள், கத்தினால் குரலும் பதிவாகும். அதன் குரலைப் போனில் போட்டு வெளியே வரவழைப்பது மட்டும் வேண்டாம், களைத்த பறவையை வீணாக அலைக்கழிக்கும்.

செட்டிநாட்டு வீடுகளில் இன்னொரு சிக்கல். மேலே திறந்த வளவு (நடுமுற்றம்) வழியாக உள்ளே இறங்கிவிட்டு வழி தெரியாமல் முட்டிக்கொள்ளும். முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. அடுத்து, பட்டாலையில் (கூடத்தில்) தொங்கும் பெரிய நிலைக்கண்ணாடிகளைத் துணியால் மூடுங்கள். அதில் தெரியும் வெளிச்சத்தை வழியென்று நம்பித்தான் மோதுகிறது. உள்ளறைக் கதவுகளைச் சாத்தி, முகப்பையும் பின்கட்டையும் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கி நில்லுங்கள். துரத்தினால் உத்தரத்தில் ஏறிக்கொள்ளும். விட்டுவிட்டால் தரையோடு தத்தியே வாசலைத் தாண்டிவிடும்.

மோதி மயங்கிவிட்டால் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, ஒரு மணி நேரம் இருட்டில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால் நுரையீரலுக்குப் போய்விடும். சோறும் வேண்டாம். தெளிந்ததும் காக்கை இல்லாத புதரோரம் பெட்டியைத் திறந்து வையுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறையிடம் சேர்க்க வேண்டியதுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம்.

பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் இணையதளமான இ-பேர்டில் பதிவிடும்போது பலர் செய்யும் தவறு, இதை 'ஸ்டேஷனரி' (ஒரே இடத்தில் நின்று பறவை பார்த்தது) என்று போட்டு முழுப் பட்டியல் என்றும் சொல்லிவிடுவது. நீங்கள் பறவை பார்க்கப் போகவில்லை, பால் வாங்கப் போனீர்கள், ஆகவே 'இன்சிடென்டல்', அதாவது தற்செயலாகக் கண்டது. முழுப் பட்டியல் என்றால், கண்ட காகத்தையும் மைனாவையும் விடாமல் எழுதியதாக ஆகிவிடும். வீட்டுக்கு வந்தபின் பதிவிட்டால் வரைபடப் புள்ளியும் வீட்டிலேயே விழும். பார்த்த தெருவுக்கு நகர்த்துங்கள். குறிப்பில் "நன்றாகப் பார்த்தேன்" என்று எழுதினால் சரிபார்ப்பவருக்குப் பயனில்லை. "கண்பட்டை கறுப்பு, வாலடி சிவப்பு, தரையில் தத்தியது" என்று எழுதுங்கள்.