மொட்டை மலையும் சந்தனக் கன்றும்

அன்புள்ள ஐயா,
வால்பாறைக்கு முதல்முறை போய்வந்தேன். சோலைமந்திக் கூட்டத்தை அரை மணி நேரம் பார்த்தேன். இருவாச்சிப் பறவையின் சிறகோசையும் கேட்டது. திரும்பும்போது நம்ம ஜவ்வாது மலை மொட்டையாக நிற்பதைப் பார்த்து வெட்கமாக இருந்தது. வால்பாறையிலிருந்து மழைக்காட்டுக் கன்றுகள் வாங்கிவந்து ஆலங்காயம் பக்கம் நடலாம் என்று நண்பர்கள் சேர்ந்திருக்கிறோம். எந்த மாதம் நடலாம்? பறவைகளை எடுக்க நல்ல கேமரா எது?
ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

கேமரா பற்றி எனக்குத் தெரியாது. இருவாச்சியின் சிறகோசையைக் கேட்டு நின்ற பிள்ளை மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. ஆனால் அந்த 'வெட்கம்' என்ற சொல் இரண்டு நாளாக உறுத்துகிறது.

எதற்கு வெட்கம்? சோலைமந்தி விரும்பித் தின்னும் வெடிப்பலா மரத்துக்கு, வால்பாறை இருக்கும் ஆனைமலையின் மழை வேண்டும். நம் மலைக்கு அந்த மழை கிடையாது. கோடையில் இலையை உதிர்த்துவிட்டுத் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த மரங்கள் இங்கே நிற்கின்றன. அதைப் போய் மொட்டை என்கிறீர்கள். கடுக்காயும் புரசும் சந்தனமும் உள்ள காடு ஐயா அது!

நான் ஐந்தாவது படிக்கும்போது ஒடுகத்தூர் வீட்டு வேலியோரம் ஒரு சந்தனக் கன்று தானாக முளைத்தது. குயிலோ கொண்டைக்குருவியோ பழத்தைத் தின்று போட்ட விதை. பக்கத்தில் ஒரு துவரைச் செடி. கன்றுக்குப் போகிற தண்ணீரை அது குடிக்கிறதே என்று அப்பா துவரையைப் பிடுங்கிப் போட்டார். தினமும் ஒரு சொம்பு தண்ணீர் நான்தான் ஊற்றுவேன். அப்படியும் இலை மஞ்சளாகி, சித்திரைக்குள் கன்று காய்ந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் அங்கங்கே சின்னப் பொத்தான் போல முடிச்சுகள். மலையிலிருந்து புளி விற்க வரும் பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "துவரைய ஏன் சாமி புடுங்கினீங்க? அதுதானே இதுக்குச் சோறு" என்றார். அந்த முடிச்சுகளால் பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்துத்தான் சந்தனம் பாதி உயிர் வாழ்கிறது. அப்பா அன்று சாப்பிடவில்லை.

வெடிப்பலாவை மட்டும் தூக்கிவந்தால் அதன் மழையை யார் தூக்கிவருவது? மந்தியை?

நடுகிற மாதம் கேட்டீர்கள். முதலில் பங்குனியில் ஆலங்காயத்திலிருந்து காவலூர் பஸ் ஏறுங்கள். இலையே இல்லாத புரசு மரம் செக்கச்செவேலென்று பூத்திருக்கும். அடியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், தேன் குடிக்க என்னென்ன பறவை வருகிறதென்று எண்ணி எனக்கு எழுதுங்கள். கையில் கன்று எதுவும் வேண்டாம்.