கேளுங்க சொல்றேன்: ரேடியோ முள்ளு 999ல நின்ன காலம்

கேள்வி (காங்கேயம் பக்கமிருந்து ஒரு வாசகர்): பழைய சாளைய இடிக்கறப்ப பரண்ல எங்க அப்பாரோட மர்பி ரேடியோ கெடச்சுதுங்க. முள்ளு ஓடற கண்ணாடியில 1000த்துக்கு ஒட்டினாப்ல சிவப்பு நகப்பாலீஷ்ல ஒரு பொட்டு வெச்சிருக்காரு. அது எந்த ஸ்டேஷன்?

பதில்: அது நம்ம கோயமுத்தூர் ஆல் இந்தியா ரேடியோ ஸ்டேஷனாத்தானுங்க இருக்கோணும். மீடியம் வேவ்ல 999 கிலோஹெர்ட்ஸ். இதைப் படிச்சதும் எனக்கு எங்க அப்பாரு ஞாபகம் வந்துருச்சு, அவரும் இப்படித்தான் பொட்டு வெச்சிருந்தாரு, ஏன்னா கண்ணு மங்கினதுக்கப்பறம் எழுத்து தெரியாது, பொட்டு மட்டும் தெரியும், வெடியால எந்திரிச்சு மாட்டுக்குத் தட்டுப் போட்டுட்டு வந்து முள்ளைப் பொட்டு மேல கொண்டுவந்து நிறுத்துவாரு.

ஸ்டேஷன் ஆரம்பிச்சது 1966ல, இடம் திருச்சி ரோட்டுல ராமநாதபுரம். டிரான்ஸ்மிட்டர் 20 கிலோவாட். சென்னையில 200, திருச்சியில 100னு இருக்கறப்ப இது சின்னதுதான், ஆனா நம்மூர் விவசாயத்தை, நம்மூர்ப் பேச்சை, நம்மூர்க் கலைஞர்களை ரேடியோவுல கேக்க வெச்சது இந்தச் சின்ன ஸ்டேஷன்தான். லாலி ரோட்டு வேளாண் காலேஜ் 1906லயே வந்துருச்சு, அங்க ஆராய்ச்சி பண்றவங்க பருத்திக்குக் காய்ப்புழு வந்தா என்ன அடிக்கறது, மஞ்சளை எப்ப வெட்டறதுனு மைக் முன்னாடி உக்காந்து சொல்றப்ப இங்க தோட்டத்துல கெணத்து மேட்டுல உக்காந்து கேப்பாங்க. படிப்பு இல்லாதவங்களுக்கும் காலேஜ் பாடம் போய்ச் சேந்துச்சு, காசு கேக்காம. இதைவிடப் பெரிய வேலை ஒரு ஸ்டேஷன் செய்யோணும்னு எனக்குத் தோணலீங்க.

காலையில ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி, அதைக் கோவையும் அப்படியே வாங்கி ஒலிபரப்பும். சரோஜ் நாராயணசுவாமி குரல் கேட்டுச்சுன்னா பள்ளிக்கூடத்துக்குக் கெளம்ப நேரமாச்சுனு அர்த்தம். அவங்க 2022ல காலமானப்ப எங்க வீட்டுல அம்மா அன்னைக்குப் பூரா அவங்களைப் பத்தியே பேசிட்டிருந்தாங்க.

பொட்டு 1000த்துக்கு முன்னாடியே இருக்குதான்னு பாருங்க. 1978லிருந்து நம்ம நாட்டுலயும் பக்கத்து நாடுகள்லயும் மீடியம் வேவ் ஸ்டேஷனுகளை 9 கிலோஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி வெச்சாங்க, அதனால எல்லா எண்ணும் ஒம்பதால வகுபடும். சென்னை 720, திருச்சி 936, திருநெல்வேலி 1197, ஊட்டியில ஒரே கிலோவாட்டுல ஓடின குட்டி ஸ்டேஷன் 1602, எதை வேணா வகுத்துப் பாருங்க. சில செட்டுல மீட்டர் கணக்கு போட்டிருக்கும், அதுல நம்ம ஸ்டேஷன் 300ங்கற எடத்துல வரும்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகி): கோவை ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடி இங்க என்னத்தைக் கேட்டாங்க?

பதில்: திருச்சிங்க, அது 1939லயே வந்தாச்சு. உங்க ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய் பக்கம், 1950ல கோழிக்கோடு வந்தப்பறம் மலையாளமும் காதுல விழுந்துட்டே இருந்துருக்கும். ராத்திரியானா இலங்கை வானொலி, அதுக்குனு ஒரு கூட்டமே இருந்துச்சு. ஆனா ரேடியோ எல்லார் வீட்டுலயும் இல்லீங்க. வாங்கறதே பெருசு, அதுக்கு மேல போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டோணும். இல்லாதவங்க பொழுதோட பஞ்சாயத்து ரேடியோ பக்கம் போய் உக்காந்துக்குவாங்க. நம்ம ஜி.டி.நாயுடு 1941லயே அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செஞ்சு குடுக்க முடியும்னு சொன்னவரு, அது மட்டும் ஊரூரா நடந்திருந்தா எத்தனை வீட்டுக்குப் பாட்டும் சேதியும் போயிருக்கும்னு நெனைக்கறப்ப மனசு ஆற மாட்டேங்குது.

கேள்வி (ஈரோட்டுலிருந்து காலேஜ் மாணவர்): எஃப்எம் இவ்வளவு கிளியரா இருக்கு, அப்பறம் ஏஎம் எதுக்குண்ணா?

பதில்: தம்பி, கிளியர்ல எஃப்எம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எஃப்எம் அலை கண்ணுக்கு நேரா போற மாதிரி போகும், நடுவுல மலை குறுக்க வந்தா நின்னுரும். கோடைக்கானல் எஃப்எம் 100.5 பழனி, உடுமலை, தாராபுரம்னு கேக்குதுன்னா டவர் மலை மேல நிக்கறதாலதான். மீடியம் வேவ், அதாவது நீ கேக்கற ஏஎம், தரையோட ஒட்டி ஊர்ந்துட்டே போகும், இட்டேரி, பள்ளம், கரடு எல்லாம் தாண்டி. ரிசீவரும் சுளுவா செஞ்சரலாம், ரெண்டு பேட்டரி போட்டா மாசக்கணக்குல ஓடும்.

கொறையும் உண்டு. ஏஎம்ல அலையோட உசரத்துலதான் சத்தம் இருக்குது, மின்னலும் மோட்டாரும் அதே உசரத்தைத்தான் கலைக்கும். பக்கத்துத் தோட்டத்துல ஸ்டார்ட்டர் போட்டாங்கன்னா ரேடியோ கொர்ர்ருனு கத்தும், கரண்ட் வந்துருச்சுனு அதைக் கேட்டே தெரிஞ்சுக்கலாம். டிரான்ஸிஸ்டரைத் திருப்பித் திருப்பி வெப்பாங்களே, உள்ளார ஒரு கருப்புக் கம்பி, ஃபெரைட் ராடு இருக்குது, அதோட நுனி ஸ்டேஷனைப் பாத்தா சத்தம் கம்மி, ஸ்டேஷன் இருக்கற திக்குக்குக் கம்பி குறுக்கால இருந்தா எச்சு. எங்க அப்பாருக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனா செட்டை எந்தத் திக்குல வெக்கோணும்னு கை பழகியிருந்துச்சு.

ராத்திரி வெளியூர் ஸ்டேஷன் கேக்கறதும் இதோட சேந்ததுதான். பகல்ல வெயில் பட்டு வானத்துல ஒரு அடுக்கு உண்டாகி மேல போற மீடியம் வேவை உறிஞ்சிக்கும், பொழுது எறங்குனா அது கலைஞ்சு போய், அதுக்கு மேல இருக்கற அடுக்குல பட்டு அலை திரும்பித் தூரத்துல எறங்கும். இலங்கைப் பாட்டு ஏறி எறங்கி அலையலையா வந்தது அதனாலதான்.

கேள்வி (அவிநாசி வாசகர்): ரேடியோ நெல்லுனு சொல்றாங்களே, நெசமா?

பதில்: நெசந்தானுங்க. ஆடுதுறை 27ங்கற ரகம், 1960கள்ல தஞ்சாவூர்ப் பக்கம். திருச்சி ரேடியோவுல அதைப் பத்திச் சொல்லிச் சொல்லியே பரவுனதால சனங்க அதுக்கு ரேடியோ நெல்லுனே பேர் வெச்சுட்டாங்க.

கேள்வி (திருப்பூர் வாசகி): எங்க மாமனார் கோவை ரேடியோவுல பாடினதை வீட்டு டேப் ரெக்கார்டர்ல புடிச்ச கேசட் ஒண்ணு இருக்குது. என்ன செய்யலாம்ங்க?

பதில்: அம்மா, இதுக்குத்தான் நான் இவ்வளவு நேரம் எழுதினதே. நாட்டுல பல மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திட்டாங்க, அந்தக் காலத்துல ஒலிபரப்புனது எல்லாத்தையும் எடுத்து வெச்சிருப்பாங்கன்னு நம்பிட்டு இருக்கக் கூடாது. உங்க கேசட்டே கடைசிப் பிரதியா இருக்கலாம். மொதல்ல ரெண்டு மூலையிலயும் இருக்கற பிளாஸ்டிக் பல்லை ஒடச்சு விட்டுருங்க, அப்பத்தான் யாரும் தெரியாம மேல ரெக்கார்ட் பண்ண முடியாது. நாடாவுல வெள்ளைப் பூஞ்சை தெரிஞ்சா ஓட்டவே ஓட்டாதீங்க, தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க. நல்லா இருந்தா டெக் ஹெட்டை ஸ்பிரிட்ல தொடச்சு, வேற ஏதாவது வேண்டாத கேசட்டைப் போட்டு நாடா மாட்டாம ஓடுதானு பாத்துட்டு, அப்பறமா ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒயர் போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. இடையில வர்ற கொர்ர் சத்தம், அறிவிப்பாளர் பேச்சு எதையும் வெட்டாதீங்க. ரெண்டு பிரதி எடுத்து ஒண்ணை வேற வீட்டுல வெச்சுருங்க.

அவரு எந்த வருஷம் பாடினாருங்கறதை வீட்டுப் பெரியவங்ககிட்ட இப்பவே கேட்டு கேசட் மேல எழுதி ஒட்டிருங்க.