நாகமானும் எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த கானும்

கேள்வி: ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கேள்வி கேட்காமல் தலையாட்டுவதுதான் கீழ்ப்படிதலா? உங்களுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுத்த வேதக் கதை எது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தை இன்றுவரை ஒரே மூச்சில் வாசித்து முடித்ததில்லை. ஆனால் அதே ஆபிரகாம் நாலு அதிகாரம் முன்னால் அழியவிருந்த சோதோம் ஊரைக் காப்பாற்றக் கர்த்தரிடம் பேரம் பேசுகிறாரே, அதையும் சேர்த்துப் பாருங்கள். ஊரில் 50 நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று தொடங்கி 45, 40, 30, 20 என்று இறக்கி 10-இல் கொண்டுவந்து நிறுத்துகிறார். உழவர் சந்தையில் கேரட் வாங்குகிறவர்கூட அவ்வளவு பேசமாட்டார். தலையாட்டுகிற ஆள் இல்லை அவர்.

சரி, எனக்குப் பாடம் சொன்னது ஆபிரகாம் கதை இல்லை. 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரம், நாகமான் கதை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நாகமான் சீரியா ராஜாவின் படைத்தலைவன். பராக்கிரமசாலி, ஆனால் குஷ்டரோகி. (வேதம் சொல்லும் குஷ்டம் இன்றைய தொழுநோய்தானா என்றால், அப்படி அடித்துச் சொல்ல முடியாது. பல தோல் நோய்களுக்கும் அந்த ஒரே எபிரெயச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.) அவன் வீட்டில் ஒரு சின்னப் பெண், இஸ்ரவேலிலிருந்து சிறைபிடிக்கப்பட்டு வந்தவள், அவன் மனைவிக்கு வேலைக்காரி. சமாரியாவில் இருக்கிற தீர்க்கதரிசியிடம் எஜமான் போனால் நோய் போய்விடும் என்று அவள்தான் சொல்கிறாள். பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று வஸ்திரம், இஸ்ரவேல் ராஜாவுக்குத் தன் ராஜா எழுதிக்கொடுத்த கடிதம், ரதம், குதிரை என்று சகல மரியாதையோடு கிளம்பி எலிசாவின் வாசலில் வந்து நிற்கிறான். எலிசா வெளியே தலையைக்கூடக் காட்டவில்லை. ஆள் அனுப்பி, யோர்தானில் போய் ஏழுதரம் முழுகு என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

நாகமானுக்குக் கோபம் வந்துவிட்டது. தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்ல தண்ணீர் இல்லையா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறான். அவன் கேட்டதில் தப்பே இல்லை என்பேன். ஆப்னா என்பது இன்றைய பராதா ஆறு என்று சொல்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி வந்து தமஸ்குவையே சோலையாக வைத்திருந்த தண்ணீர் அது. யோர்தான் கீழே போகப் போகக் கலங்கல். நம் ஊர் ஆளிடம், பைக்காராவை விட்டுவிட்டு பவானிசாகர் சேற்றில் போய் முழுகு என்று சொன்னால் எப்படி இருக்கும்? (பைக்காரா தண்ணீர்தான் மாயாற்றில் சேர்ந்து கடைசியில் பவானிசாகருக்குப் போகிறது என்பது வேறு விஷயம். கோபத்தில் இருக்கிறவனிடம் அதைச் சொல்ல முடியாது.)

அப்புறம் அவனுடைய ஊழியக்காரர்கள் கிட்டே வந்து பேசுகிறார்கள். "தகப்பனே" என்று கூப்பிட்டு, பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்கள் அல்லவா என்று கேட்கிறார்கள். அதைக் கேட்டு அவன் போய் முழுகிச் சுகமாகிறான். ஊழியக்காரர்களின் அந்த ஒரு கேள்வியில் நான் பல வருஷம் மாட்டிக்கொண்டிருந்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

நான் கோத்தகிரிப் பக்கம். பள்ளி ஆசிரியர். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்து, இங்கே அரசு தேயிலைத் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பம் எங்களுடையது. அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு வெளியே வந்து சொந்தமாக வீடு கட்டிய முதல் ஆள் நான். மூன்று சென்ட் சரிவு நிலம். மண்ணைச் செங்குத்தாக வெட்டி இறக்கி, பின்பக்கம் கருங்கல்லில் ஆளுயரத்துக்கு மேல் தடுப்புச்சுவர் எழுப்பினேன். கடன் வாங்கித்தான். அந்தச் சுவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை.

சுவருக்கு மேலே ஒரு பழைய தேயிலை மலை. அதன் ஓரத்தில் ஒரு கான். கான் என்றால் தோட்டத்துப் பேச்சில் வாய்க்கால். மழைத் தண்ணீர் சரிவில் நேராகப் பாயாமல் குறுக்கே போய் ஓடையில் சேருவதற்காக வெட்டுவது. நடுநடுவே குறுக்கே மண் மேடு விட்டிருப்பார்கள். தண்ணீர் அங்கே நின்று, வண்டல் படிந்து, அப்புறம் வழிந்து போகும். அந்தக் கான் தூர்ந்து கிடந்தது. சில்வர் ஓக் இலையும் மண்ணும் மூடி, கான் இருந்த இடம் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும்.

பழகிய கண் ஒன்று பக்கத்து லயத்தில் இருந்தது. நாங்கள் ஆயா என்று கூப்பிடுகிற ஒரு பாட்டி. மாரியம்மனைக் கும்பிடுகிறவர், கைநாட்டு. அவர் வீட்டுக்காரர் இலங்கையிலும் இங்கேயும் கான் வெட்டியே காலம் தள்ளியவர்.

"தம்பி, மேல கான் தூந்து கெடக்கு. ஐப்பசி பொறக்குமுன்ன ஒரு நாளைக்கு மம்பட்டிய எடுத்துட்டு வா. நானும் வர்றேன்."

"பாக்கலாம் ஆயா. இன்ஜினியர் பாத்துக் கட்டுன சுவருதான்."

கோத்தகிரிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கூடலூர்ப் பக்கம் மாதிரி ஆடியில் கொட்டாது. ஆயா அதை மனதில் வைத்து மூன்று முறை சொன்னார். உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்: வாத்தியார் ஆன பிறகு மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு பேர் பார்க்க மலையேற எனக்கு வெட்கம். அம்மாவைக் கொழுந்துக் கூடையிலிருந்து இறக்கியவன் நான். திரும்பவும் கானுக்குள் இறங்குவதா?

ஆனால் வீட்டுக்காக ஜெபம் பண்ணினேன். அதில் குறை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். சபையார் வந்து வீட்டில் முழு இரவு ஜெபமே நடத்தினார்கள். பெரிய காரியம் எதுவானாலும் செய்யத் தயாராக இருந்தேன்.

2009 நவம்பர் இரண்டாம் வாரம். நீலகிரிக்காரர்கள் யாருக்கும் அந்த மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் செத்தார்கள். சாலைகள் அறுந்தன, மலை ரயில் நின்றது. எங்கள் பக்கம் கரண்ட் போய்விட்டது. ஒரு சாயங்காலம் ஆயா தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வந்து, "புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க" என்றார். என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் 91ஆம் சங்கீதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். போனேன். மழை விடாததால் அங்கேயே படுத்துவிட்டேன். இதில் விசுவாசம் ஒன்றும் இல்லை, பசிதான்.

விடியற்காலையில் சுவர் சாய்ந்தது. சமையலறை முழுக்கப் போய்விட்டது. படுக்கையறையில் கட்டில் இருந்த மூலையும் போய்விட்டது.

கான் சுத்தமாக இருந்திருந்தால் சுவர் நின்றிருக்குமா? நின்றிருக்கும் என்று சத்தியம் பண்ணமாட்டேன். சுவரில் தண்ணீர் வடிய நான் குழாய்த் துண்டுகளும் சரியாக வைக்கவில்லை. நம் செம்மண் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துவிட்டால், வழி இல்லாத சுவர் தள்ளிக்கொண்டுதான் வரும். அந்த வாரம் என்னைவிட நல்ல சுவர்களும் விழுந்தன. என்னைவிட நல்ல விசுவாசிகளும் மண்ணுக்கடியில் போனார்கள். அதனால், கீழ்ப்படிந்தவர்கள் தப்பினார்கள், மற்றவர்கள் தப்பவில்லை என்று யாராவது கணக்குப் போட்டால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு உறுத்தல். சபையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நின்று பேசினேன். கர்த்தர் எப்படி என்னை அந்த ராத்திரி வீட்டைவிட்டு வெளியே நடத்தினார் என்று உருக்கமாகச் சொன்னேன். நிறையப் பேர் அழுதார்கள். ஆயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. சாட்சிக்கு அவர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அம்மன் கும்பிடுகிற கிழவி நடுவில் வந்தால் சாட்சி கோணிக்கொள்ளும் என்று எங்கேயோ தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஓய்வுநாள் பள்ளியில் நாகமான் பாடம். நான் பல வருஷமாக நடத்துகிற பாடம்தான். பிள்ளைகளை ஏழு முறை உட்கார்ந்து எழவைப்பேன். ஆறாவது முழுக்கிலும் குஷ்டம் போகவில்லை என்று குரலை இறக்கிச் சொல்வேன். (வேதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. பிரசங்கிமார் எல்லோரும் சேர்க்கிற மசாலா அது. நானும் சேர்த்தேன்.) முடிக்கும்போது நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், "சார், அந்தக் குட்டிப் பொண்ணு பேரு என்ன?"

புத்தகத்தைப் புரட்டினேன். இல்லை. நாகமான் பேர் இருக்கிறது, எலிசா பேர் இருக்கிறது, பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லிக் காசு வாங்கிய எலிசாவின் வேலைக்காரன் கேயாசியின் பேர்கூட இருக்கிறது. வழி சொன்ன பெண்ணுக்கும், கோபத்தில் திரும்பியவனைத் தடுத்து நிறுத்திய வேலைக்காரர்களுக்கும் பேர் இல்லை. கதையில் சரியான வார்த்தையைச் சரியான நேரத்தில் சொன்னவர்கள் எல்லோரும் கீழே இருந்தவர்கள். இஸ்ரவேலின் ராஜாவோ கடிதத்தைப் பார்த்ததும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். அவனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"பேர் எழுதாம விட்டுட்டாங்கம்மா" என்றேன். சொல்லும்போதே யார், யாருடைய பேரை விட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டில் அதே அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பில் அவன் "இறங்கி" முழுகினான் என்று இருக்கிறது. சமாரியா மலைமேல் இருந்த ஊர். யோர்தான் பள்ளத்தாக்கோ கடல் மட்டத்துக்கும் கீழே. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற மாதிரி இறக்கம் அவனுக்கு. ரதத்திலிருந்து இறங்க வேண்டும், மலையிலிருந்து இறங்க வேண்டும், வஸ்திரத்தைக் களைந்து எல்லோரும் பார்க்க அந்த உடம்போடு தண்ணீரில் இறங்க வேண்டும். கீழ்ப்படிதல் என்ற சொல்லையே அதுவரை நான் கவனித்ததில்லை. கீழே படிவது, கானில் வண்டல் படிகிற மாதிரி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேள்வி கேட்கலாமா? நாகமான் கேட்டான், கத்தினான், திரும்பியே போனான். எலிசா பின்னால் ஓடவும் இல்லை, சாபம் போடவும் இல்லை, சுகமானவன் கொண்டுவந்த காணிக்கையைத் தொடவும் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கீழ்ப்படி, கீழ்ப்படி என்று மிரட்டிவிட்டுக் காணிக்கைப் பையை நீட்டுகிறவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்தக் கதையில் அவர்களுக்கு இடம் கேயாசியின் பக்கத்தில்.

இன்னொன்று. சுகமான பிறகு நாகமான், தன் ராஜா ரிம்மோன் கோயிலில் பணிகிறபோது தன் கையில்தான் சாய்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று கேட்கிறான். எங்கள் ஊர் மாதிரி மாரியம்மன் கோயிலும் மாதா கெபியும் சபையும் ஒரே வளைவில் இருக்கிற இடத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். எலிசா சட்டம் பேசவில்லை. சமாதானத்தோடே போ என்கிறார். அதற்கு முன்னால் நாகமான் கேட்டது ஒன்றே ஒன்று: இரண்டு கோவேறு கழுதை சுமக்கிற அளவுக்கு அந்த ஊர் மண்.

அந்த வாரச் சனிக்கிழமை மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. முன்னால் நடந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஏறினார். மேட்டில் உட்கார்ந்து, இங்கே வெட்டு, அங்கே விடு, அந்த மேட்டை உடைக்காதே, தண்ணி நிக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வழியில் போன என் மாணவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் கை கொப்புளித்துவிட்டது.

கானில் அள்ளிய வண்டல் கன்னங்கரேலென்று இருந்தது. இதை எங்கே கொட்டுவது என்று கேட்டேன். "ரெண்டு சாக்குல அள்ளிக் கட்டு தம்பி. என் மேரக்காய்ப் பந்தலுக்கு ஆகும்" என்றார். கட்டினேன். ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அப்புறம் இன்னொன்றுக்காகத் திரும்ப ஏறினேன்.