பெயர் எறும்பு அளவில் இருக்கிறதாம்

கேள்வி: சேகரிப்பு அட்டை விளையாட்டுகளுக்குப் படம் வரைகிறேன். நிறுவனம் ஒருமுறை பணம் கொடுத்துவிட்டு பதிப்புரிமை முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. நான் வரைந்த வீராங்கனை அட்டை இப்போது பெரிய விலைக்குக் கைமாறுகிறது, எனக்குப் பங்கில்லை. மூல ஓவியத்தை விற்றுப் புதிய கணினி வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். என் பெயரும் அடியில் எறும்பு அளவில். படத்துக்காகத் துடைப்பக் கட்டையைப் பிடித்து நின்ற என் மனைவியே, அலுவலகத் தோழியின் மகன் காட்டித்தான் அந்த அட்டையைப் பார்த்தாள். இந்தத் தொழிலை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, உரிமையை எழுதிக் கொடுத்தது நீங்கள். மறுவிற்பனையில் பங்கு கிடையாது என்பது கையெழுத்துப் போட்ட அன்றே தெரியும். பெயரைப் பற்றிய புலம்பலும் வேண்டாம். 1993இல் ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற சேகரிப்பு அட்டை விளையாட்டின் முதல் தொகுப்பு வந்தபோதே ஓவியர் பெயரை அட்டையில் அச்சிட்டார்கள். 63 மில்லிமீட்டர் அகல அட்டையில் கொட்டை எழுத்திலா போடுவார்கள்?

என்னை உறுத்துவது அந்தத் துடைப்பக் கட்டை. போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

வேலை முடிந்து வந்த மனைவியைப் பக்கவாட்டு விளக்கொளியில் நிறுத்தி, போர்வையை மேலங்கியாகச் சுற்றி, கட்டையை வாளாக ஓங்கச் சொல்லியிருப்பீர்கள். படம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கினாலும் உருவம் பளிச்சென்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகக் கையை உடம்போடு ஒட்டாமல் விலக்கிப் பிடிக்க வேண்டும். நிழல் சரியாக விழும்வரை அப்படியே நிற்க வேண்டும். மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டு ஆர்ட் டைரக்டர் கையை மாற்றச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து. தோள் வலித்தது யாருக்கு?

வெளியீட்டு நாள்வரை யாருக்கும் காட்டக்கூடாது என்பது ஒப்பந்த விதி. சரி, கட்டுப்படத்தான் வேண்டும். வெளிவந்த பிறகு உங்கள் வாயைக் கட்டியது யார்? தான் நின்ற படத்தை ஊரான் பிள்ளை காட்டிப் பார்க்க வேண்டிய நிலை உங்கள் மனைவிக்கு ஏன் வந்தது? அதையும் உங்களுக்கு நேர்ந்த அவமானமாகவே என்னிடம் எழுதுகிறீர்கள்!

நிறுவனம் பங்கு தரவில்லை என்கிறீர்கள். ஓவியம் விற்ற பணத்தில் நீங்கள் அவருக்கு என்ன தந்தீர்கள்? கணினி உங்களுக்கு, அவருக்கு? நிறுவனமாவது பேசிய கூலியைக் கொடுத்தது. வீட்டுக்குள் கணக்கு எதற்கு என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. வாங்கிக்கொள்ளும் கைதான் எப்போதும் அப்படிச் சொல்லும். வருமானம் நிலையில்லாத இந்தத் தொழிலில் நீங்கள் நீடிப்பது யார் சம்பளத்தில் என்றும் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

சில நிறுவனங்கள் ஓவியருக்கென்று முதுகுப்புறம் வெள்ளையாக விட்ட அட்டைப் பிரதிகளை அச்சிட்டுத் தருகின்றன. அந்த வெள்ளைப் பக்கத்தில் படம் வரைந்து ரசிகர்களுக்கு விற்கலாம், நல்ல வரும்படி. உங்களுக்கும் வந்திருந்தால் முதல் பிரதியில் உங்கள் மனைவியை வரைந்து, கையெழுத்திட்டு அவர் கையில் கொடுங்கள். ஓவியம் விற்ற தொகையில் அவர் பங்கையும் சேர்த்துக் கொடுங்கள். இனி மாதிரியாக நிற்க அவருக்கு விருப்பமா என்று கேட்டுக்கொண்டு விளக்கைப் போடுங்கள்.

தொழிலை விடலாமா என்பதை அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டதே தவறு.