நேரில் கூட எந்த ஊர்? கோவையா, ஈரோடா, சேலமா?

நாட்டு விதை பரிமாறும் நம் குழு இதுவரை கைபேசியில்தான் பேசிக்கொண்டிருக்கிறது. ஆடிப் பட்டத்தை ஒட்டி, கொங்கு நாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நேரில் கூடி விதையைக் கைமாற்றிக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. எந்த ஊர் என்பதில்தான் இழுபறி. பெருந்துறைப் பக்கம் மண்டபம், சமையல், வண்டி ஏற்பாடு செய்வது என் தொழில் என்பதால் கேள்விகளை என்னிடம் கொடுத்தார்கள். வந்தவற்றுக்குப் பதில் இதோ.

அண்ணா, கோவையில்தான் உறுப்பினர் அதிகம். ஓட்டெடுப்பு வைத்து முடித்துவிடலாமே? (கோவை)

வேண்டாம் தம்பி. ஓட்டுப் போடுகிறவர் எல்லாரும் வரமாட்டார்கள். முன்பணம் கட்டியவர்களிடம் மட்டும் இரண்டு விஷயம் கேளுங்கள்: எங்கிருந்து வருகிறீர்கள், ஞாயிறு இரவு எதில் திரும்புவீர்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். காலையில் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார்கள். மதியம் சாப்பிட்டதும் நாலு பேர் "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையைத் தூக்கினால், அதற்கப்புறம் கூட்டம் நிற்காது. விதை கைமாறுவதே மதியத்துக்கு மேல்தான். கோவையிலிருந்து ஈரோடு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நீங்கள் காலையில் கிளம்பி இரவு வீட்டில் போய்ப் படுக்கலாம். கோவையில் வைத்தால், தஞ்சாவூர்க்காரர் அந்த நூறு கிலோமீட்டரைப் போகவும் வரவும் கூடுதலாகச் சுமக்க வேண்டும்.

உங்க ஊர்ப் பக்கம் என்பதால் ஈரோட்டுக்குச் சாய்கிறீங்களா? சேலத்துக்கு என்ன குறைச்சல்? (சேலம்)

சேலத்துக்கு ஒரு குறையும் இல்லைங்க. பெங்களூரு, தருமபுரி, சென்னை ஆட்கள் அதிகம் வருவதாக இருந்தால் சேலம் என்றே சொல்லியிருப்பேன். முன்பணம் கட்டியவர்களில் திருச்சி, தஞ்சாவூர், மதுரைப் பக்கத்து ஆட்கள்தான் கணிசம். சென்னையிலிருந்து சேலம் வழியாக வரும் ரயில் பாதையும், திருச்சியிலிருந்து கரூர் வழியாக வரும் பாதையும் ஈரோடு சந்திப்பில்தான் சேர்கின்றன. மதுரை, திண்டுக்கல்காரர்களும் கரூர் வழியாக அங்கேதான் வந்து இறங்குவார்கள். நாகர்கோவிலுக்கும் கோவைக்கும் இடையே ஓடும் இரவு வண்டி அந்த வழிதான். சென்னைக்குத் திரும்ப ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அது ஈரோட்டிலேயே புறப்படும் இரவு வண்டி. நடுவழியில் இரண்டு நிமிஷத்தில் பையும் செடிக் கன்றுமாக அடித்துப்பிடித்து ஏற வேண்டியதில்லை.

கோவையில் வேறு ஒரு சிக்கல். வெளியூர் பஸ் எல்லாம் ஒரே இடத்துக்கு வருவதில்லை. மதுரை, திருச்சி பஸ் சிங்காநல்லூரில் நிற்கும், ஈரோடு, சேலம் பஸ் காந்திபுரத்துக்கு வரும், பொள்ளாச்சி, பழனி பஸ்ஸுக்கு உக்கடம். கேரளம் போகும் சில ரயில்கள் கோவை சந்திப்புக்கு வராமல் போத்தனூரோடு போய்விடும். முதல் தடவை வருகிறவர் எங்கே இறங்கி எங்கே போவது என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பார். ஈரோட்டில் பஸ் நிலையம், ரயில் நிலையம் இரண்டுக்கும் நடுவே ஒரு ஆட்டோ தூரம்தான்.

விமானத்தில் வருபவர்களுக்கு?

கோவையில் இறங்கி பஸ் பிடிக்கலாம். ஈரோடு பஸ் விமான நிலையம் இருக்கும் அவிநாசி சாலை வழியாகத்தான் போகும். ஒன்றிரண்டு பேருக்காக ஊரை மாற்ற வேண்டாம்.

ஆடி மாதத்தில் வைக்கலாமா? வீட்டில் பெரியவர்கள் யோசிக்கிறார்கள். (நாமக்கல்)

நம் காரியத்துக்கு ஆடியை விட நல்ல மாதம் கிடையாதுங்க. முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். ஆனியிலோ ஆவணியிலோ கேட்டுப் பாருங்கள், முகூர்த்த நாள் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆடி பிறந்ததும் வரும் முதல் ஞாயிறு நல்லது. வாங்கிப்போகும் விதையை அந்த வாரமே ஊன்றலாம். பதினெட்டாம் பெருக்கை ஒட்டிய நாட்கள் மட்டும் வேண்டாம். பவானி கூடுதுறைக்கு வரும் கூட்டத்தில் ஈரோட்டைச் சுற்றி எந்த பஸ்ஸிலும் கால் வைக்க முடியாது.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. ஞாயிறு இரவு சென்னை வண்டிக்கு எப்போதும் அடிபிடிதான், அதனால் சித்திரை முடிவதற்குள் தேதியை அறிவித்துவிடுங்கள்.

மண்டபம் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (கரூர்)

வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கரண்ட், துப்புரவு, ஜெனரேட்டர் டீசல், கேஸ் எல்லாம் பெரும்பாலும் தனிக்கணக்கு. சாவி வாங்கும்போதே மேனேஜரையும் கூட்டிக்கொண்டு போய் மீட்டர் ரீடிங்கை ஒரு சீட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அண்டா, கரண்டி, வாளியையும் அங்கேயே எண்ணிவிடுங்கள்.

அப்புறம், விதை வைக்கும் இடம். நடுக்கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே மேசை போட்டால் கீரை விதை ஒன்று மிஞ்சாது, கூடம் முழுக்கப் பறக்கும். வெளியே பந்தல் போடும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள், ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து நம் பக்கம் அடிக்கிற அடி அப்படி. சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேசைகள் வரிசையாகக் கிடக்கும். மதியப் பந்தி முடிந்து துடைத்ததும் அதில் விளிம்புள்ள எவர்சில்வர் தட்டுகளைப் பரப்பி, தட்டுக்கு ஒரு ரகமாகப் போட்டு, விளைந்த ஊரையும் அறுத்த மாதத்தையும் எழுதிச் சொருகுங்கள். சாப்பாட்டுக் கூடம் தரைத்தளத்தில் இருக்கிற மண்டபமாகப் பாருங்கள். முழங்கால் வலியோடு வருகிற பெரியவர்களிடம்தான் பழைய ரகங்கள் இருக்கின்றன.

நான் தனியாக வருகிறேன் அண்ணா. முந்தின நாள் இரவு தங்க வேண்டும். (திருவாரூரிலிருந்து ஒரு தங்கை)

கவலையே வேண்டாம் அம்மிணி. தங்கும் பெண்கள் எல்லாருக்கும் ஒரே விடுதியில், ஒரே மாடியில் அறை போடச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை எந்த வண்டியில் வருகிறீர்கள் என்று மட்டும் தெரிவியுங்கள். ஈரோட்டு உறுப்பினர்களில் இரண்டு அக்காமார் ஸ்டேஷனுக்கே வந்து அழைத்துக்கொள்கிறோம் என்று அவர்களாகவே சொன்னார்கள். இப்படி முன்வருகிற உள்ளூர் ஆட்கள் மூன்று நான்கு பேர் இல்லாத ஊரை, எவ்வளவு வசதியான ஊராக இருந்தாலும், நான் எடுக்கமாட்டேன். திருப்பூர் பட்டியலிலிருந்து போனதற்கு அதுதான் காரணம். ஸ்டேஷன் ஊர் நடுவில் இருக்கிறது, அறைக்கும் பஞ்சமில்லை, ஆனால் நம் ஆள் ஒரே ஒருவர்தான் அங்கே.

சாப்பாடு சைவமா, அசைவமா?

மதியம் எல்லாரும் ஒரே பந்தி. அரிசிம்பருப்பு சாதம், நெய், கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், தயிர். பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அந்த ஊரே காவிரிக்கு அக்கரையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை இரவு போய்வரலாம்.

மறுநாள் ஊட்டிக்கு எல்லாரும் சேர்ந்து வேன் பிடிக்கலாமா? (மதுரை)

போகிறவர்கள் தனியாகப் போய்க்கொள்ளுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போனால் அந்த வேலை இல்லை. நமக்கு மறுநாள் காலை பவானி கூடுதுறை போதும், ஈரோட்டிலிருந்து பக்கம்தான்.

கன்றும் கொண்டுவரலாமா? பஸ்ஸில் வாடிவிடுமே. (திண்டுக்கல்)

கொண்டுவாங்க. முந்தின நாள் மாலையே நன்றாகத் தண்ணீர் விட்டு, தொட்டியிலிருந்து மண் கட்டியோடு எடுத்து, நனைத்த தேங்காய் நாரைச் சுற்றிச் சணலில் கட்டுங்கள். ஜன்னலோரம் வைக்காதீர்கள், காற்றில் இலை கருகிவிடும். மண்டபத்துக்கு வந்ததும் பின்பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நிழல் இருக்கும், அங்கே இறக்கிவிடுங்கள். பெயர்ச் சீட்டு கட்ட மறக்க வேண்டாம்.